துப்பாக்கியைத் தாங்கும் இடுப்பு

குறி பார்த்துச் சுடுவதில் உடம்புக்கு என்ன பங்கு என்று அறிய விரும்புகிறவர்கள் தனியாக ஒரு சோதனை நடத்தத் தேவையில்லை. 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியே அந்தச் சோதனைதான். ஆள் அதே ஆள், துப்பாக்கியும் அதே, தூரமும் அதே. தகுதிச் சுற்றில் முட்டி போட்டு 20 ஷாட், குப்புறப் படுத்து 20 ஷாட், எழுந்து நின்று 20 ஷாட். கண்ணோ மனமோ பயிற்சியாளரோ நடுவில் மாறுவதில்லை. ஆனாலும் உலகின் முன்னணி வீரர்களின் மதிப்பெண் பட்டியலைப் புரட்டினால், நின்று சுட்ட வரிசையில்தான் பெரும்பாலும் புள்ளிகள் நழுவியிருக்கும். படுத்துச் சுடும்போது 200-க்கு 198, 199 என்று எடுப்பவர், நின்று சுடும்போது 195-ஐத் தொடவே பாடுபடுவார். படுத்திருக்கும்போது மார்பும் வயிறும் தொடையும் தரையைப் பற்றியிருக்கின்றன, முழங்கைகள் தரையில் ஊன்றியிருக்கின்றன, கையோடு சேர்த்துக் கட்டிய வார் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்கிறது. நின்றவுடன் இவை அத்தனையும் போய்விடுகின்றன. வாரைப் பயன்படுத்தவும் விதி இடம் தருவதில்லை. இரண்டு பாதங்கள், அவற்றின் மேல் ஓர் உடம்பு, அதன் மேல் துப்பாக்கி, அவ்வளவுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியில் வெண்கலம் வென்ற கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாலே, முட்டியிட்டும் படுத்தும் சுட்டு முடித்தபோது பதக்க இடத்துக்கு வெளியே இருந்தார். நின்று சுட்ட சுற்றுதான் அவரை மூன்றாம் இடத்துக்கு ஏற்றியது. மற்றவர்கள் இழக்கும் இடத்தில் குறைவாக இழந்தவர் என்றும் இதைச் சொல்லலாம்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது, நின்று சுடும்போது கூடுதலாக வேலை செய்தாக வேண்டிய அந்த நடுவுடலைப் பற்றி. விலா எலும்புக்குக் கீழே தொடங்கி இடுப்பு, பிட்டம் வரை நீளும் பகுதி அது. ஜிம்மில் 'கோர்' என்கிறார்கள். துப்பாக்கி சுடும் வீரர்களின் பயிற்சியில் இந்தப் பகுதிக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பதும், கிடைக்கும் இடங்களில்கூடப் பல நேரம் தவறான நோக்கத்தோடு கொடுக்கப்படுகிறது என்பதும் என் கருத்து. அசையாமல் விறைத்து நிற்பதற்காக நடுவுடலை வலுவாக்குவதில்லை. குறைந்த முயற்சியில், நீண்ட நேரம், ஒரே மாதிரி நிற்பதற்காக வலுவாக்குகிறோம். இந்த வேறுபாடு சின்னதாகத் தெரிந்தாலும் பயிற்சி முறையே இதனால் மாறிவிடுகிறது.

முதலில், எவ்வளவு நுணுக்கமான காரியத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். தசமப் புள்ளி முறையில் ஒவ்வொரு 0.1-க்கும் 0.25 மில்லிமீட்டர்தான் இடைவெளி. 10.9 வேண்டுமென்றால் கால் மில்லிமீட்டருக்குள் அடித்தாக வேண்டும். இதை உடம்பின் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். நிற்கும் மனிதரின் எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடம்பு ஒரே கட்டையாகக் கணுக்காலில் சாய்ந்து, அந்த மையம் இலக்கை நோக்கி வெறும் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், துப்பாக்கியும் அதே கோணத்தில் சாயும். 10 மீட்டர் தாண்டி அந்தச் சாய்வு 10 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். அதாவது பத்துக்கு அனுமதிக்கப்பட்ட தூரத்தைப்போல நான்கு மடங்கு. எந்த மனிதராலும் 1 மில்லிமீட்டர்கூட ஆடாமல் நிற்க முடியாது. நாம் நிற்கும்போது கெண்டைக்கால் தசைகளும் மூளையும் ஓயாமல் பேரம் பேசிக்கொண்டே இருக்கின்றன. உடம்பு முன்னும் பின்னும் மெல்ல ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் உலகத் தரத்தில் சுடுகிறவர்கள் ஷாட்டுக்கு ஷாட் பத்தைத் தொடுவது எப்படி?

பாதங்களை இலக்கின் திசையில் அகட்டி வைப்பது ஒரு பதில். கால்கள் அகலும் திசையில் ஊசலாட்டம் குறையும். ரைபிள் வீரர்கள் இலக்குக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்பதில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. கீழே எஞ்சியிருக்கும் ஆட்டம் மேலே துப்பாக்கிக்குப் போய்ச் சேராமல் நடுவில் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். தலையில் தண்ணீர்க்குடம் வைத்து வரப்பில் நடந்து வரும் பெண்ணைக் கவனித்தால் இது புரியும். கால் மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிறது, இடுப்பு அசைகிறது, குடம் மட்டும் அசங்குவதில்லை. அவள் விறைப்பாக நடந்தால் தண்ணீர் தளும்பிவிடும். கீழிருந்து வரும் ஒவ்வொரு அசைவையும் இடுப்பும் முதுகும் எதிர் அசைவால் கழித்துவிடுகின்றன. நின்று சுடுகிறவரின் நடுவுடல் செய்வதும் அதே வேலைதான். அளவுதான் மில்லிமீட்டரின் பின்னங்களுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே நேரம், தோள்கள் இடுப்பின் மீது இடவலமாகத் திருகிக்கொள்ளாமலும் அது காக்க வேண்டும். முழு உடம்பும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். ஆனால் இடுப்புக்கு மேலே உடம்பு திருகிக்கொண்டால் அது கோணப் பிழை. போகப் போகப் பெருகும். ரைபிளின் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே முக்கால் மீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், முன்குறி 0.1 மில்லிமீட்டர் விலகினாலே இலக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும்.

நடுவுடலை வயிற்றின் முன்பக்கக் கட்டுகளாக மட்டும் நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் அந்தச் 'சிக்ஸ் பேக்' தசைக்கு இதில் பங்கு குறைவு. வயிற்றை அகலமான துணிப்பட்டை போலச் சுற்றியிருக்கும் குறுக்குத் தசை, விலாவிலிருந்து இடுப்புக்குச் சாய்வாக இறங்கும் பக்கத் தசைகள், முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் அடுத்ததோடு கட்டியிருக்கும் சிறு தசைகள், மேலே மூடியாக உதரவிதானம், கீழே தளமாக இடுப்புக்குழித் தசைகள், பின்னால் பிட்டத் தசைகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. 1990-களில் ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸும் கேரலின் ரிச்சர்ட்சனும் வெளியிட்ட ஆய்வுகள் இந்தத் தசைகள் வேலை செய்யும் முறையைக் காட்டின. ஒருவரைச் சட்டென்று கையை உயர்த்தச் சொல்லித் தசைகளின் மின் சைகைகளைப் பதிவு செய்தார்கள். கையை உயர்த்தும் தோள் தசை இயங்குவதற்கு ஒரு நொடியின் சிறு பின்னம் முன்பே குறுக்கு வயிற்றுத் தசை இயங்கிவிட்டது. கை நகர்ந்தால் உடம்பு குலுங்கும் என்பதை அறிந்து, குலுக்கல் வருவதற்கு முன்பே உடம்பு நடுப்பகுதியைத் தயார்படுத்திக்கொள்கிறது. நாட்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களிடம் இந்த முன்னேற்பாடு தாமதமாகிறது என்பதும் அதே ஆய்வுகளில் தெரிந்தது. ஏர் பிஸ்டல் சுடுகிறவர் ஒரு கிலோ அளவுள்ள கைத்துப்பாக்கியை ஒற்றைக் கையில் பிடித்து, கையை முழுவதும் நீட்டி, 60 முறை உயர்த்துகிறார். குறி சரியாக அமையாமல் சுடாமலே இறக்கிவிடும் முறைகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். ஒவ்வொரு முறையும் அந்தக் கையின் எடை உடம்பை முன்னும் பக்கவாட்டிலும் இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் நடுவுடல் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அறுபதாவது தடவை அந்தப் பதில் சற்றே தாமதித்தால் ஒரு புள்ளி போய்விடும்.

இதிலிருந்துதான் என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஒரு தசை எவ்வளவு பலத்தைச் செலுத்துகிறதோ, அந்தப் பலத்தின் ஏற்ற இறக்கமும் அதற்கேற்பக் கூடும் என்பது உடலியக்கவியலில் நிறுவப்பட்ட செய்தி. கையில் லேசான பொருளைப் பிடித்தால் விரல் நடுங்குவதில்லை. வலுவின் எல்லைக்கு அருகே ஒன்றைத் தூக்கிப் பிடித்தால் நடுக்கம் கண்ணுக்கே தெரியும். களைப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். இங்கே கணக்கில் வருவது எடையின் அளவு மட்டுமல்ல, அந்த எடை ஒருவருடைய முழு வலுவில் எத்தனை பங்கு என்பதும்தான். ஒரே துப்பாக்கியைத் தாங்க ஒருவரின் முதுகுத் தசை தன் வலுவில் கால் பங்கைச் செலவிடுகிறது, இன்னொருவருடையது பத்தில் ஒரு பங்கை மட்டும் செலவிடுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் அமைதியாக நிற்பார். அவருக்கு மன உறுதி அதிகம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். உண்மையில் அவருக்கு வேலை குறைவு. ஏர் ரைபிளின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். சுடும் அங்கியின் எடை வேறு. 15 நிமிடத் தயாரிப்பு, அதன் பிறகு 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். 2018 முதல் பெண்களுக்கும் 40 ஷாட் என்பது 60 ஆகிவிட்டது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் புதிய நீளத்தில்தான். நாற்பதோடு முடிந்திருந்த போட்டிக்கு மேலே இருபது சேர்ந்தால், சேர்வது பெரும்பாலும் தசைகளின் பொறுமைக்கான சோதனைதான்.

அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் இந்த இடத்தில் மறுப்பார்கள், அவர்கள் மறுப்பில் நியாயமும் உண்டு. ரைபிளைத் தசையால் பிடிக்காதே, எலும்பால் தாங்கு என்பது இந்த விளையாட்டின் பாலபாடம். நின்று சுடும் வலக்கை வீரரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும். இடுப்பு இலக்கை நோக்கிச் சற்றுத் தள்ளியிருக்கும். மேலுடம்பு பின்னோக்கி வளைந்து, சற்றே திரும்பியிருக்கும். இடது முழங்கை இடுப்பெலும்பின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். துப்பாக்கியின் எடை உள்ளங்கை வழியாக முன்கைக்கும், அங்கிருந்து இடுப்பெலும்புக்கும், தொடைக்கும், தரைக்கும் இறங்கும். புஜத்துக்கு அநேகமாக வேலையே இல்லை. தடிமனான அங்கியும் கால்சட்டையும் வேறு முதுகைத் தாங்குகின்றன. அப்படியிருக்க நடுவுடலுக்கு எதற்குப் பயிற்சி? ஆனால் எலும்பு தானாக அடுக்கி நிற்பதில்லை. முதுகெலும்பிலிருந்து தசைகளை நீக்கிவிட்டால் அது சிறு எடையைக்கூடத் தாங்காமல் மடங்கிவிடும். எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக அமர்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள, மிகக் குறைந்த அளவில் ஆனால் ஓயாமல் வேலை செய்யும் தசைகள் தேவை. அங்கியைப் பொறுத்தவரை, அது எவ்வளவு விறைப்பாக இருக்கலாம் என்பதற்கே உலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனம் எல்லை வகுத்து வைத்திருக்கிறது. துணியின் தடிமன் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, விறைப்புக்குத் தனிச் சோதனை உண்டு. பிஸ்டல் வீரர்களுக்கு அந்த அங்கியும் கிடையாது. அவர்களுடைய காலணி கணுக்கால் எலும்பைக்கூட மூடக் கூடாது. செயற்கைத் தாங்கலை விதி அளந்து அளந்து கட்டுப்படுத்துவதற்குக் காரணம், தாங்கல் கிடைத்தால் புள்ளி ஏறும் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான். வெளியிலிருந்து வாங்கத் தடை இருக்கும் ஒன்றை உள்ளே வளர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

இதற்கு இன்னும் வலுவான சான்று மாற்றுத்திறனாளிகளின் துப்பாக்கி சுடும் போட்டியில் இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் இது அதிகம் வந்ததில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சக்கர நாற்காலியிலோ சுடுவதற்கென்றே செய்த நாற்காலியிலோ அமர்ந்து சுடுகிறவர்களை மருத்துவக் குழு பரிசோதித்துத் துணைப் பிரிவுகளாக வகுக்கிறது. நாற்காலியில் முதுகுச் சாய்மானம் எந்த உயரம் வரை இருக்கலாம் என்பதை இந்தப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. நடுவுடல் தசைகள் நன்றாக வேலை செய்கிறவருக்குச் சாய்மானம் கிடையாது. ஓரளவு வேலை செய்கிறவருக்குத் தாழ்வான சாய்மானம், பெரிதும் செயலிழந்தவருக்கு உயரமான சாய்மானம். கண்ணும் கையும் விரலும் ஒத்திருக்கும் இருவருக்கு நடுவே வாய்ப்பைச் சமன்செய்ய, விதி வகுத்தவர்கள் அளந்து பார்ப்பது நடுவுடலை. குறிபார்க்கும் திறனில் அதற்கு உள்ள பங்கை இதைவிட வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொண்டிருக்க முடியாது. 2012-இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட அவனி லேகரா, டோக்கியோ பாராலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் 249.6 புள்ளிகளோடு தங்கம் வென்றார். 2024 பாரிஸில் 249.7 புள்ளிகளோடு அதைத் தக்கவைத்துக்கொண்டார். அவர் அமர்ந்து சுட்டாலும் அந்தப் போட்டிக்கு நின்று சுடும் பிரிவு என்றுதான் பெயர். முழங்கையை மேசையில் ஊன்ற முடியாது. கால்களிலிருந்து எந்த உதவியும் வராதபோது, எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தசையின் பங்கும் எவ்வளவு பெருகுகிறது என்பதை அந்த எண்களிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

சமநிலைக்கும் குறிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஃபின்லாந்து ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, உயர்மட்ட ரைபிள் வீரர்களையும் பழக்கமில்லாதவர்களையும் அழுத்தத்தை அளக்கும் தளத்தின் மீது நிற்க வைத்துச் சுடச் சொன்னது. விசையை இழுப்பதற்கு முந்தைய சில நொடிகளில் தேர்ந்தவர்களின் உடல் ஆட்டம் அடங்கியது. புதியவர்களுக்கு அப்படி அடக்க வரவில்லை. 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வு, புதிதாகச் சுடப் பழகுகிறவர்களிடையே உடல் ஆட்டம் குறைந்தவர்களின் மதிப்பெண் கூடுதலாக இருப்பதைக் கண்டது. தொடர்பு நடுத்தர அளவில்தான், இரும்புப் பிணைப்பு அல்ல. உயர்மட்டத்துக்குப் போகப் போகக் கதை சிக்கலாகிறது. 2003-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, தேர்ந்த வீரர்களில் உடல் ஆட்டம் மதிப்பெண்ணைப் பாதிக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றது. ஒருவருக்கு முன்பின் ஆட்டம் எதிரி, இன்னொருவருக்குப் பக்கவாட்டு ஆட்டம். தேர்ந்தவர்களிடம் சமநிலை நேரடியாகப் புள்ளியை உயர்த்துவதில்லை, துப்பாக்கியை நிலையாகப் பிடித்திருக்கும் திறன் வழியாகத்தான் அது வேலை செய்கிறது என்பது பிற்கால ஃபின்லாந்து ஆய்வுகளின் முடிவு. இவை என் வாதத்தைப் பலவீனப்படுத்துவதாக நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பயிற்சி அட்டவணையை ஒட்டிவிடக் கூடாது என்பதற்கு இவை நல்ல காரணம்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் இன்னொன்று. நடுவுடல் பயிற்சி செய்ததாலேயே விளையாட்டுத் திறன் உயர்ந்தது என்று ஐயமற நிரூபித்த ஆய்வுகள் குறைவு. பல விளையாட்டுகளிலும் கிடைத்த முடிவுகள் கலவையானவை. 2010-இல் எயால் லெடர்மன் நடுவுடல் நிலைப்புத்தன்மை என்ற கருத்தே மிகைப்படுத்தப்பட்டது என்று கடுமையாக எழுதினார். இடுப்பு வலிக்கு இந்தப் பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானதல்ல என்பதும், ஒரு தசையை மட்டும் தனியே பிரித்து இயக்கப் பழகுவது செயற்கையானது என்பதும் அவருடைய விமர்சனம். அதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். வயிற்றை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டே சுடு என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் அது வீரரைக் கெடுக்கும் யோசனை. ஆனால் ஓட்டப்பந்தயத்திலோ கால்பந்திலோ நடுவுடல் என்பது பத்துக் காரணிகளில் ஒன்று. அங்கே அதன் விளைவு மற்றவற்றில் கரைந்துபோவது இயல்பு. நிற்பதே போட்டியாக இருக்கும் விளையாட்டு மிகவும் குறைவு, அந்தக் குறைவானவற்றில் இது ஒன்று. இங்கே நேரடிச் சான்று குறைவாக இருந்தாலும், காரணச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே சோதிக்கப்பட்டது: பலம் கூடினால் நடுக்கம் கூடும், களைப்பு ஆட்டத்தைப் பெருக்கும், ஆட்டம் துப்பாக்கிக்குப் போனால் குண்டு விலகும்.

எல்லாம் மனம்தான் என்று சொல்பவர்களும் உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்கின்போது துருக்கியின் யூசுஃப் திகேச்சின் படம் உலகெங்கும் கைப்பேசிகளில் சுற்றியது இந்த எண்ணத்தை இன்னும் வலுப்படுத்தியது. 51 வயது, சாதாரண டி-ஷர்ட், ஒரு கை கால்சட்டைப் பைக்குள், மறு கையில் பிஸ்டல், கலப்பு இரட்டையரில் வெள்ளி. பார்த்தவர்களுக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது. பிஸ்டல் சுடுகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கையைப் பைக்குள்ளோ இடுப்புவாரிலோ செருகித்தான் வைத்திருப்பார்கள். தொங்கும் கை ஊசலாடாமல் இடுப்போடு பிணைந்துகொள்கிறது, தோள்கள் திருகிக்கொள்வதும் குறைகிறது. அலட்சியமாகத் தெரிந்தது, உடம்பை ஒரே அலகாகப் பூட்டும் உத்தி. பதற்றத்துக்கு வருவோம். பதற்றம் புள்ளியைக் கெடுக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எந்த வழியாகக் கெடுக்கிறது? இதயத் துடிப்பு ஏறி, கை நடுங்கி, மூச்சு மேலே ஏறிக்கொண்டுதான். அதனால்தான் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளுக்கு இந்த விளையாட்டில் போட்டிக் காலத்திலும் மற்ற நேரத்திலும் தடை இருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு புரோப்ரனலால் என்ற மருந்துக்காக இரண்டு பதக்கங்களை இழந்தார். மனமும் கடைசியில் உடம்பின் வழியாகத்தான் துப்பாக்கியைத் தொடுகிறது.

மூச்சைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நடுவுடல் பயிற்சி தவறாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுடுகிறவர் மூச்சை மெல்ல வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன் இயல்பாக ஏற்படும் இடைவெளியைச் சில நொடிகள் நீட்டி, அதற்குள் விசையை இழுக்கிறார். உதரவிதானம் மூச்சுக்கும் பொறுப்பு, முதுகைத் தாங்குவதற்கும் பொறுப்பு. ஜிம்மில் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, முகம் சிவக்க மூன்று நிமிடம் பிளாங்க் பிடிக்கிறவர் எதைப் பழகுகிறார்? முழு இறுக்கத்தையும் அடக்கிய மூச்சையும் பழகுகிறார். சுடும் மேடையில் அவருக்குத் தேவைப்படுவது அதற்கு நேர் எதிரானது: கொஞ்சமே இறுக்கம், நிதானமான மூச்சு, ஓயாத விழிப்பு. அதனால் எந்தப் பயிற்சியாக இருந்தாலும் சீராக மூச்சு விட்டபடி செய்ய முடிகிற அளவுதான் சரியான அளவு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள் இதற்குப் பொருத்தமானவை. முதலாவதில் மல்லாந்து, ஒரு காலை மடக்கி, இடுப்பின் கீழ் கைகளை வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து லேசாகவே தூக்க வேண்டும். அடுத்தது பக்கவாட்டில் ஒரு முழங்கையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் சைடு பிளாங்க். மூன்றாவது, தவழும் நிலையில் வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பின் மாற்றிச் செய்வது. ஒவ்வொன்றையும் பத்து நொடி அளவில் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். நிமிடக் கணக்கில் தம் கட்டுவதில்லை. இவற்றோடு ரைபிள் வீரர்களுக்கு, பக்கத்தில் கட்டிய ரப்பர் பட்டை உடம்பைத் திருப்ப முயலும்போது திரும்பாமல் நிற்கும் பயிற்சி மிகவும் பயன்படும். தோள் திருகுவதைத் தடுப்பதுதானே அவர்களுடைய முதல் தேவை. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் போல ட்ராப் சுடுகிறவர்களின் கதை வேறு. பறக்கும் தட்டைத் துரத்த அவர்கள் இடுப்பிலிருந்து சுழல வேண்டும், ஒவ்வொரு ஷாட்டின் உதைப்பையும் வாங்கிக்கொண்டு இரண்டாவது குண்டுக்கு உடனே நிலைப்பட வேண்டும். அவர்களுக்குச் சுழற்சிப் பயிற்சிதான் முதன்மை.

ஆடும் பலகை, காற்றடைத்த மெத்தை இவற்றின் மேல் நிற்பது இப்போது பல பயிற்சிக்கூடங்களில் பரவி வருகிறது. ஒற்றைக் காலில், கண்ணை மூடி நிற்பது போன்ற எளிய சோதனைகள் பாதத்தின் உணர்வைக் கூர்மையாக்கும் என்பதால் அவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் போட்டி நடப்பது உறுதியான தரையில். ஆடும் தரையில் கற்றது ஆடாத தரைக்கு முழுவதும் கைமாறும் என்று எதிர்பார்க்க முடியாது. அது துணைப் பயிற்சிதான். துப்பாக்கியை ஏந்தி, குண்டில்லாமல் விசை இழுத்துப் பழகும் டிரை ஃபயரிங்தான் பிரதானப் பயிற்சி. நடுவுடல் பயிற்சிக்கு நேரமே இல்லை, அந்த நேரத்தில் இன்னும் நாற்பது ஷாட் சுடலாமே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். துப்பாக்கிக் குழலில் சிறு கருவியைப் பொருத்தி, குறி இலக்கின் மேல் அலைந்த பாதையைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்காட் என்ற சாதனம் பல அகாதெமிகளில் இருக்கிறது. போட்டி நீளத்துக்கு 60 ஷாட் சுட்டு, முதல் பத்தின் கோடுகளையும் கடைசிப் பத்தின் கோடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கடைசிப் பத்தில் கோடு அகன்றிருந்தால், அந்த வீரருக்கு வேண்டியது இன்னும் நாற்பது ஷாட் அல்ல. களைத்த உடம்போடு மேலும் சுடுவது களைத்த நிலையையே பழக்கப்படுத்தும். இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று முறை இருபது நிமிடம் நடுவுடல் பயிற்சி கொடுத்து, அதே சோதனையை மறுபடி செய்து பார்த்தால், பயன் இருக்கிறதா இல்லையா என்று திரையே காட்டிவிடும். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

பயன் புள்ளியில் தெரியாவிட்டாலும், முதுகைக் காப்பாற்றும் என்பதற்காகவே நான் இதைக் கேட்பேன். ரைபிள் சுடும் நிலை முதுகெலும்பைப் பின்னுக்கு வளைத்து, ஒரே பக்கமாகத் திருப்பி, அதன் மேல் எடையை ஏற்றுகிறது. நாள்தோறும், மணிக்கணக்கில், எப்போதும் அதே பக்கம். இடுப்பு வலி ரைபிள் வீரர்களிடையே பரவலான தொல்லையாக இருப்பதில் வியப்பில்லை. 2006-இல் ஜாக்ரெப்பில் உலக சாம்பியனான அபினவ் பிந்த்ரா, அதே ஆண்டு முதுகுக் காயத்தால் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போக முடியாமல் போனார். அவர் அதிலிருந்து மீண்டு வந்ததால்தான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது. தகுதிச் சுற்றின் 60, இறுதிச் சுற்றின் 9 ஷாட்களுக்குப் பிறகு ஃபின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனோடு சமநிலையில் நின்று, கடைசி ஷாட்டில் 10.8 எடுத்தார். ஹாக்கினன் 9.7 எடுத்து வெண்கலத்துக்கு இறங்கினார். எழுபதாவது ஷாட்டில் அப்படி நிற்க வைத்தது எது என்று ஒரே காரணத்தைச் சுட்டுவது நியாயமாகாது. ஆனால் வலிக்கும் முதுகோடு அந்த ஷாட் சாத்தியமில்லை என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டிலும் இப்போது பன்னிரண்டு, பதிமூன்று வயதிலேயே பிள்ளைகள் ரைபிள் கிளப்புகளில் சேர்கிறார்கள். எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயது அது. பெற்றோர் முதலில் வாங்குவது துப்பாக்கியும் அங்கியும். ஒரு நல்ல ஏர் ரைபிள் லட்சத்தைத் தாண்டும். தரையில் விரிக்கும் பாயும் ரப்பர் பட்டையும் அதன் முன் ஒரு செலவே இல்லை. பிள்ளையைச் சேர்க்கும்போது பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு: பெரியவர்களுக்கான முழு எடைத் துப்பாக்கியை எந்த வயதில் கொடுக்கிறீர்கள், அதற்கு முன் எடை குறைந்ததைக் கொண்டு பழக்குகிறீர்களா, சுடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பி வளைந்து முதுகைச் சரிசெய்ய நேரம் ஒதுக்குகிறீர்களா, ஒரு மாணவர் முதுகு வலிக்கிறது என்று சொன்னால் அன்று அவரைச் சுட விடுவீர்களா. கடைசிக் கேள்விக்கு விடுவோம் என்று பதில் வந்தால், வேறு கிளப்பைத் தேடுவது நல்லது.